ராமுத்தாய் கடைத் தண்ணீர்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராமுத்தாய் நடத்திய சாப்பாட்டுக் கடையில் குழம்புக்குப் பேர் இருந்தது, தண்ணீருக்கு இல்லை. கடைக் கிணறு உப்பு. அதில் பாத்திரம் துலக்கலாம். ஒரு மடக்குக் குடித்தால் சாப்பிட்ட ருசியே போய்விடும். அதனால் வருகிறவர்கள் ஆளுக்கொரு கோலி சோடாவை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கடை பவுல்ராஜ் பெட்டி பெட்டியாக இறக்குவான். சோடாவுக்கு வழியில்லாதவர்கள் விக்கலோடு எழுந்து போவார்கள். அதைப் பார்த்தால் ராமுத்தாய்க்குச் சோறு போட்ட நிறைவே வராது.

அறுபதாம் வருஷ வாக்கில் அந்தத் தெருவுக்குக் குழாய் வந்ததும் முதல் ஆளாகக் கடைக்குள் ஒன்றை இழுத்துவிட்டாள். ஆனால் பாதி நாள் தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்தது.

அடுப்படியில் நின்ற அவள் புருஷன் சுருளிவேல், "இதக் குடிக்கக் குடுத்தா நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்க" என்றான்.

"அப்படியேவா குடுக்கப் போறேன்? வடிச்சுக் குடுக்கிறேன்."

ராமுத்தாய் ஆற்றங்கரை ஊரான அகரத்துக்காரி. ஆற்றில் கலங்கல் ஓடும் நாளிலும் மணலில் ஊற்றுத் தோண்டினால் தெளிந்த தண்ணீர் ஊறும் என்பது அவள் குடித்து வளர்ந்த சங்கதி. மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் இரண்டின் அடியிலும் சிறு ஓட்டை போட்டாள். ஆற்று மணலை வண்டியில் வரவழைத்து, அலசி, மேல் பானையில் கொட்டினாள். நடுப் பானையில் அடுப்புக்கரி. வாயில் வெள்ளைத் துணி கட்டிய அடிப் பானையில் தெளிவாகச் சொட்டியது தண்ணீர். அன்றோடு சோடாவை நிறுத்திவிட்டாள்.

பவுல்ராஜ் வந்து நின்றான். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியேக்கா."

"ஒன் கடையில நீ தாராளமா வித்துக்க அப்பு. எங்கடையில சோறு திங்கிறவனுக்குத் தண்ணி குடுக்கிறது எம் பொறுப்பு."

குழாய்த் தண்ணீரா என்று லாரி டிரைவர்கள் முகம் சுளித்து வேறு கடைக்குப் போனார்கள். ராமுத்தாய் அசரவில்லை. தயங்குகிறவர் முன்னால் ஒரு டம்ளரை முதலில் தானே குடித்துக் காட்டினாள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

தைப்பூசம் வந்தது. பழனிக்கு நடக்கிற கூட்டம் தெருவை அடைத்தது. சாப்பிடாதவர்களுக்கும் தண்ணீர் உண்டு என்றாள். உச்சிப் பொழுதுக்குள் அடிப் பானை காலி.

சுருளிவேல் காதோரம் சொன்னான்: "கொழாயத் தொறந்து நேரா மொண்டு குடுப்போம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றவள் வாசலுக்குப் போய், "செத்த நேரம் பொறுங்க சாமி, வடிஞ்சுக்கிட்டு இருக்கு" என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள்கூட முணுமுணுக்காமல் உட்கார்ந்தார்கள்.

சோடா பாட்டிலெல்லாம் தீர்ந்து சும்மா நின்ற பவுல்ராஜ் இதைப் பார்த்தான். உள்ளே போனவன் தன் கடையிலிருந்த பெரிய பானைகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தான்.

"மணலு மிச்சமிருக்காக்கா? எம்புட்டுப் போடணும்னு சொல்லு."

"அடியில ஓட்டை போட்டுட்டு முக்காப் பானை போடு. கரிய நல்லாக் கழுவிட்டுப் போடு அப்பு."

பொழுது சாய்வதற்குள் இரண்டு வரிசைப் பானைகளும் சொட்டின. நடந்து வந்த சனம் குடித்துவிட்டு நடந்துகொண்டே இருந்தது.

பூசம் முடிந்ததும் பவுல்ராஜ் ஒரு வரிசையைத் தன் கடைக்கே கொண்டுபோனான். வடித்த தண்ணீரில் போட்ட சோடாவுக்குத் தனி ருசி என்று அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சுருளிவேல் யாரையும் கேட்காமல் ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்து வாசலில் மாட்டினான்: 'வடித்த குழாய்த் தண்ணீர். சாப்பிடாதவர்களும் குடிக்கலாம்.'