எழும்ப ஏலாத டெய்லர்

தையல் கையால் செய்யும் தொழில் என்று நினைப்பவர்கள் மெஷினில் உட்கார்ந்து பார்க்காதவர்கள். அது நாரியால் செய்யும் தொழில். இடுப்பும் முதுகும் சேருகிற அந்த இடத்தில் ஒரு கையை வைத்தபடி இதை வாசிப்பவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

கல்முனைக் கடைத்தெருவில், ஒரு புடவைக் கடையின் விறாந்தையில், முப்பது வருடமாக என் மெஷின் கிடக்கிறது. 'டெய்லர் காக்கா', அதாவது டெய்லர் அண்ணன், என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சூறாவளியன்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பிடித்த நோவு, எனக்கு அறுபது கடந்தும் விடவில்லை. வேலையை விட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். இரண்டு மகள்மாருக்குக் கொடுத்தாயிற்று. மூன்றாமவளின் வீடு கூரையில்லாமல் வெறுஞ்சுவராக நிற்கிறது. அது முடியும்வரை நான் தைத்தாக வேண்டும்.

சவுதிக்குப் போகிற கால்

சவுதிக்குப் போகிற வாலிபர் ஒருவர் காற்சட்டை தைக்க வந்தார். கால் நீளம் அளக்கக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான். நாரியில் யாரோ ஆணி அறைந்த மாதிரி இருந்தது. விழாமல் இருக்க அவருடைய கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். விறாந்தையில் நின்ற சனமெல்லாம் பார்த்தது.

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "உம்மா காலப் புடிச்சிட்டு உடமாட்டேண்டு அழுதா, ஒரு மாதிரி தப்பி வந்தன். இப்ப நீங்களுமா, டெய்லர் காக்கா?"

பரியாரியின் கட்டளை

இறக்காமத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கும் கைராசியான ஒரு பரியாரி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைசித் தூரம் நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர் பெட்டியில். பாதையில் இருந்த குழி ஒவ்வொன்றையும் என் நாரி எண்ணிக்கொண்டது. போகும்போது இருந்த நோவு ஒன்று, போய்ச் சேர்ந்தபோது இருந்தது இன்னொன்று.

பரியாரி எண்ணெய் போட்டார், ஆவியில் வேது கொடுத்தார், அழுத்தினார். எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடித்தேன். எல்லாம் முடிந்ததும் என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். எழும்பி உள்ளே போய் ஒரு துணிப் பார்சலோடு வந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு மெஷினத் தொடப்படாது, விளங்கினதா? மகன்ட இந்த ரெண்டு சேட்ட மட்டும் தைச்சி பெருநாளைக்கு முந்தித் தந்துடுங்க."

நீண்ட ஸுஜூது

ஒருநாள் பள்ளிவாசலில் அஸர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதுக்குப் போன நான் திரும்பி வரவில்லை. எல்லோரும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பின்னும் என் நெற்றி பாயில்தான். கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்தது. பக்கத்து மெஷினில் தைக்கும் என் மச்சினன்தான் கடைசியில் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"நல்லா அழுது கேட்டீங்க மச்சான். அப்பிடியே எனக்கும் ஒரு துஆவக் கேட்டிருக்கலாமே?"

மாப்பிள்ளை வீட்டார்

மூன்றாமவளுக்கு மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன்; மகளுக்கும் சம்மதம். பெண் பார்க்க வரும் நாளன்று காலை மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாரிக் கதையை எடுத்துடாதீங்க. பொண்ணுட வாப்பாவுக்கு ஏலாதெண்டு தெரிஞ்சா, இந்த வீடு எங்க முடியப்போகுது எண்டு போயிடுவாங்க." சரியென்றுதான் எனக்கும் பட்டது.

அவர்கள் வருவதற்கு முன்பே என்னைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா ஸலாம் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். எழும்பப் பார்த்தேன், நாரி இடம் தரவில்லை. கத்தாமல் இருக்கச் சிரித்தேன். இருந்தபடியே கை கொடுத்தேன். வழியனுப்பும்போதும் அப்படியே. அவர்கள் தேநீர் குடித்தார்கள், கூரையில்லாத அந்தச் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"சுவர், வளவு எல்லாம் அவங்களுக்குப் புடிச்சிருக்காம் காக்கா. பொண்ணயும் புடிச்சிருக்காம். வந்தவங்களுக்கு எழும்பி ஒரு கை குடுக்காத பெருமைக்காரன்ட ஊட்டுல சம்பந்தம் வேணாமாம்."

நோவைச் சொன்னால் வீடு முடிக்க ஏலாதவன், சொல்லாவிட்டால் பெருமைக்காரன் என்று ஆகிற இந்த ஊரில், நாரி நோவுள்ள வாப்பாமார் எதைச் செய்கிறீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், சுவர் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.