மலையடிப் பங்களா

மகளின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து வருவதாக இருந்தார்கள். அவர்கள் தங்கவும் விருந்து நடத்தவும் ஒரே இடமாகப் பார்க்க வேண்டியிருந்தது. உதியன்குளங்கரை பக்கம் மெயின் ரோட்டில், வயலை மண்ணிட்டு நிரப்பி ஒரு பெரிய ஹோட்டல் வந்திருந்தது. என் கணவருக்கு அதில்தான் மனசு.

"லிஃப்ட் உண்டு, ஏசி ஹால் உண்டு, வண்டி விட இடம் உண்டு. பிறவு என்னத்துக்கு யோசிக்கணும்?" என்றார்.

"ஆசுபத்திரி மாதிரி இருக்கு அப்பா. யாரு கல்யாணம் நடந்தாலும் ஒண்ணு போலதான் இருக்கும்" என்றாள் மகள்.

அவள் கண்டுபிடித்து வைத்திருந்தது கிழக்கே, ஒற்றசேகரமங்கலம் போகும் வழியில், மலைச்சரிவில் இருந்த பழைய பங்களா. மிஷன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் அதை வாங்கிச் செப்பனிட்டு விடுதியாக்கியிருந்தார்.

நானும் மகளும் பார்க்கப் போனோம். தேக்குப் படிக்கட்டு, அகலமான வராந்தா, உயரமான ஜன்னல்கள். எனக்கும் பிடித்துத்தான் போனது, வீட்டின் பின்புறம் போகும்வரை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று மலையை வெட்டியிருந்தார்கள். வெட்டிய செம்மண் அப்படியே சுவர் போல நின்றது. அதற்கும் பின்னறைகளுக்கும் நடுவே ஒரு கார் நுழையும் இடைவெளிதான். மேலே நின்ற ரப்பர் மரங்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தே சாய்ந்திருந்தன.

"மரமெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குதே?" என்று கேட்டேன்.

"ரப்பரல்லே சேச்சி. காத்துக்குச் சாயும்" என்று உரிமையாளர் சிரித்தார்.

பின்னறைக் கதவின் அடிப்பாகத்தைப் புதிதாக இழைத்திருந்தார்கள். பழைய கறுத்த மரத்துக்குக் கீழே வெளுத்த மரம் தெரிந்தது. அதையும் கேட்டேன். மழைக்கு மரம் வீங்கும் என்றார்.

திரும்பும்போது மகளிடம், "வேண்டாம் மக்கா, எனக்கு என்னவோ சரியில்ல" என்றேன்.

"என்ன சரியில்ல? சொல்லு."

சொல்லத் தெரியவில்லை. தனுவச்சபுரத்தில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மகள் முகம் வாடியதைப் பார்த்துக் கணவர் இறங்கி வந்தார். பங்களாவே முடிவானது.

கல்யாண வாரத்தில் துலா மழை, ஐப்பசி அடைமழை, பிடித்துக்கொண்டது. சென்னைக்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் படம் பிடித்தார்கள். எனக்குத்தான் அந்த மண்சுவரே நினைவில் நின்றது.

கல்யாணத்தன்று காலை, சர்ச்சுக்குப் புறப்படும் நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். பின்னறையில் தங்கியிருந்தவர் அவர்.

"சம்பந்தியம்மா, கதவு தொறக்கலைங்க. நேத்து நல்லாத்தான் தொறந்தேன்."

கணவரும் நானும் காரில் விரைந்தோம். போய்ச் சேர்ந்தபோது உரிமையாளரும் மாப்பிள்ளையும் கதவில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. கடைசியில் ஜன்னல் கம்பிகளைக் கழற்றி, பட்டுச்சேலையோடு அவரை வெளியே இறக்கினோம். இறங்கியதும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகே சொன்னார்: "உள்ளே சுவத்துக்கும் தரைக்கும் நடுவுல விரல் போகுதுங்க."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சுவரோரம் முழுக்க ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அதிலிருந்து சிவந்த தண்ணீர் ஊறி, தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"எல்லாரையும் இங்கருந்து கூட்டிட்டுப் போவோம். இப்பவே" என்றேன் கணவரிடம்.

நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. உடனே ஹோட்டலுக்குப் போன் செய்தார். பெட்டிகளைத் தூக்கத் தொடங்கியதும் உரிமையாளர் குறுக்கே வந்து நின்றார்.

"நல்ல நாளாட்டு எனக்க பேரைக் கெடுக்காதிங்க சேச்சி. இது எத்தனை மழை கண்ட வீடாக்கும்!"

பெட்டிகளோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனோம். மழையில் நனைந்துகொண்டே வண்டிகளில் ஏறினோம். சர்ச்சில் தாலி கட்டும்வரை மாப்பிள்ளையின் அம்மா என் கையை விடவில்லை.

விருந்து ஹோட்டலில் நடந்தது. ஹாலில் பாதிதான் கிடைத்தது. தடுப்புக்கு அந்தப்புறம் ஏதோ கம்பெனிக் கூட்டம். எங்கள் போதகர் ஜெபிக்கும்போது அங்கே கைதட்டினார்கள். மகள் போட்டோவில் என் பக்கத்தில் நின்றாள், ஆனால் பேசவில்லை.

பங்களா அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. "வீடு இன்னும் நிக்குது அம்மா" என்று மகள் சென்னையிலிருந்து போனில் கேலி செய்ய ஆரம்பித்தபோது, கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

மழை விட்ட பிறகு, அங்கே விட்டுவந்த பாத்திரங்களை எடுக்கப் போனேன். பின்சுவரில் சிமென்ட் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். அந்தச் சிமென்டும் நடுவில் பிளந்திருந்தது. உரிமையாளர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஒரு கிளாஸ் சாயா போட்டுத் தந்தார். வராந்தாவில் ஒரு கட்டில் போட்டுப் பாய் விரித்திருந்தது.

"நாங்க இப்ப இங்கதான் படுக்கோம். உள்ள சத்தம் கேக்கும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"என்ன சத்தம்?"

"கல்லும் கல்லும் உரசினா கேக்குமே, அதுபோல."

"பின்னே இங்க என்னத்துக்கு இருக்கிய? வேற எங்கயாவது போவக்கூடாதா?"

"கையிலிருந்தது எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. எங்க போக?"

பஞ்சாயத்தில் போய்ச் சொன்னேன். ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் தன் மகனின் கல்யாண அழைப்பிதழைக் கொடுத்தார். விருந்து அந்தப் பங்களாவில். மழைக்காலம் உச்சத்தில் இருக்கும் நாள். நான் அவரை உட்கார வைத்து, சாய்ந்த மரங்கள், திறக்காத கதவு, சிவந்த தண்ணீர், வராந்தாக் கட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டலுக்கு மாற்றிவிடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க ஆளுக யாருக்கும் ஒண்ணும் ஆகல்லியே டீச்சர்?"

"ஆகல்ல" என்றேன்.

"பிறவு என்ன?" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜைக்கு அழைப்பிதழோடு நகர்ந்தார்.