இடிச்ச தூள்

எங்கள் பக்கத்தில் மிளகாயையும் மல்லியையும் வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய், மிசினில் போட்டு அரைத்துக்கொண்டு வந்தாலும் 'தூள் இடிச்சனான்' என்றுதான் சொல்லுவோம். உரலில் இடிப்பதை விட்டு எத்தனையோ காலம். சொல்லை மட்டும் விடவில்லை. அந்தச் சொல்லில்தான் நான் போய் மாட்டுப்பட்டேன்.

அதற்கு முன் நெல்லியடியில் ஒரு புடவைக்கடையில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றதுதான், காலையிலிருந்து கடை பூட்டும்வரை இருக்க ஒரு கதிரை கிடையாது. கால் வலியைக்கூடப் பொறுக்கலாம். மூலையில் கிடந்து மங்கிப்போன சீலையை விரித்து, "நேற்றுத்தான் வந்து இறங்கினது அக்கா" என்று சொல்ல வேண்டும், அதுதான் பொறுக்க முடியாதது. முதலாளி பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் உடுப்பிட்டியிலிருந்து ஓர் அக்கா பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சீலை எடுக்க வந்தார். "சாயம் போகுமே பிள்ளை?" என்று கேட்டார். போகும் என்று எனக்குத் தெரியும். "போகவே போகாது" என்றேன். முதல் தோய்ச்சலோடு திரும்பி வந்தார். முதலாளியோடு அவர் கதைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "உன்ரை கையாலை இனி ஒரு ஊசிகூட வாங்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா! அந்த மாதத்தோடு வேலையை விட்டேன்.

வீட்டில் தூள் வறுத்து விற்கத் தொடங்கினேன். என் மனுசன் மேசன் வேலை செய்பவர். "தூள் விலைப்படாட்டி என்னடியப்பா செய்யப்போறாய்?" என்று கேட்டார். "விலைப்படும்" என்றேன். விலைப்படாவிட்டால் திரும்ப அந்தச் சீலைகளுக்கு நடுவில்தான் போய் நிற்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இங்கே தூள் வாங்குபவர்கள் லேசில் வாங்கமாட்டார்கள். பையைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, பிறகுதான் "சரி, கட்டுங்கோ" என்பார்கள். அப்படி ஒவ்வொரு மூக்காகத்தான் என் வியாபாரம் வளர்ந்தது.

கனடாவிலிருந்து லீவில் வந்த ஒரு பெண் ஒருநாள் வாங்க வந்தார். காங்கேசன்துறைப் பக்கம் பிறந்து, சிறு வயதிலேயே வெளிநாடு போனவர். வாய்ப் பழக்கத்தில், "நேற்றுத்தான் இடிச்சனான் அக்கா" என்றேன். அவர் முற்றத்தைப் பார்த்தார். அங்கே ஓர் உரல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கோழிகளுக்குத் தண்ணீர்ச் சட்டி வைப்பேன். அவர் சட்டியை இறக்கிவிட்டு, தூள் பையை உரலின் மேல் நிறுத்திப் படம் எடுத்தார். உரலில் இடித்ததென்று நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. வடிவாய்த்தானே இருக்கிறது என்று பேசாமல் நின்றேன்.

'உரலில் கையால் இடித்த தூள்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார். என் போன் ஓயவில்லை. கவிழ்ந்த உரலில் எப்படி இடிப்பது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ஒருவர், மாதாமாதம் எடுக்கிறேன், 'உரலில் இடித்தது' என்று லேபலில் அடித்தால் போதும் என்றார்.

"அப்பிடியே லேபலிலை அடியன்" என்றார் மனுசன். "இடிச்சது எண்டுதானே நாங்கள் எல்லாரும் சொல்லுறனாங்கள். இதிலை என்ன பொய்?"

"உரல் எண்டு நாங்கள் சொல்லுறேல்லையே."

"உனக்கென்ன விசரே? ஆர் வந்து பாக்கப்போகினம்?"

சாயம் போகுமா என்று கேட்ட முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த முறை பின்னால் நிற்க முதலாளியும் இல்லை. சொன்னால் நானாகச் சொன்னதுதான்.

அடுத்த நாள் மில்லுக்குப் போனேன். மில்லுக்கார அண்ணை என்னைக் கண்டதும், "என்ன தங்கச்சி, என்ரை மில்லும் உரலாப் போச்சோ?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அரிசிமா வாசம் கலக்கப்படாது எண்டு உன்ரை தூளுக்கு முதல் ஒவ்வொரு நாளும் மிசினைக் கழட்டித் துடைக்கிறன். அதை ஒருத்தரும் எழுதேல்லை" என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. காசு கேளாமல் சும்மா துடைக்கிற மனிசனை மறைத்து, சும்மா கிடக்கிற உரலைக் காட்டியிருக்கிறேன்.

மனுசனை அங்கேயே கூப்பிட்டு, வீடியோ எடுக்கச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். மிசினுக்குப் பக்கத்தில் நின்று, இரைச்சலுக்கு மேலாகக் கத்தினேன்: "இதுதான் நான் தூள் இடிக்கிற உரல்! மில்லிலை அரைச்சாலும் எங்கடை பக்கம் இடிச்சது எண்டுதான் சொல்லுறது. படத்திலை இருக்கிறது கோழி தண்ணி குடிக்கிற உரல். அதைப் பாத்துக்கொண்டு பேசாமல் நிண்டது என்ரை பிழை. வறுக்கிறது என்ரை கை, அரைக்கிறது அண்ணையின்ரை மிசின். விருப்பமெண்டா வாங்குங்கோ." அதை அப்படியே பேஸ்புக்கில் போட்டேன்.

வெள்ளவத்தைக்காரர் அன்றே வேண்டாம் என்றுவிட்டார். கனடா அக்கா குரல் பதிந்து அனுப்பினார்: "எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கினம். முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?" நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. கட்டி வைத்த பைகள் அப்படியே கிடந்தன. புடவைக்கடை முதலாளிக்கும் கதை எட்டி, வாறதெண்டா வரட்டாம் என்று சொல்லியனுப்பினார். செய்தி கொண்டுவந்தவரிடம், "வரமாட்டாளாம் எண்டு போய்ச் சொல்லுங்கோ" என்றேன். மனுசன் என்னைப் பார்த்தார். நான் அடுத்த வறுவலுக்குச் செத்தல் மிளகாய் வாங்கப் போய்விட்டேன். தூள் கிடந்தாலும் கிடக்கட்டும், அந்தக் கடைப் படியை இனி மிதிப்பதில்லை.

மிளகாயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் படலை திறந்தது. உடுப்பிட்டி அக்கா.

"வீடியோவிலை கத்தினது நீதானே?"

"ஓம் அக்கா."

"சாயம் போகாது எண்டு சொன்னதும் நீதான்."

"ஓம் அக்கா. போகும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

அவர் குனிந்து ஒரு மிளகாயை எடுத்துப் பார்த்தார்.

"தூள் உறைப்போ?"

"இந்தமுறை உறைப்புக் கூட அக்கா. மிளகாய் அப்பிடி. பிள்ளையளுக்கெண்டா குறைச்சுப் போடுங்கோ."

"அப்ப அரைக் கிலோ தா."

பையைத் திறந்து, முகர்ந்து பார்க்கட்டும் என்று அவர் முன்னால் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"மணந்து பாக்கேல்லையே அக்கா?"

"நீதான் சொல்லிப்போட்டாயே. கட்டு பிள்ளை, எனக்கு பஸ் போயிடும்."