கொப்பியில் எழுதிய கற்பனை ஸ்வரங்கள்

சங்கீதம் படிப்பிக்கிறவர்களுக்குத் தொண்டை கட்டினால் லீவு கிடைக்கும்; காதுக்கு மட்டும் லீவே கிடையாது. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வயலினில் வில் போடுவதைக் கேட்டு உயிர் பிழைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போன ஓகஸ்ட் விடுமுறையில் முல்லைத்தீவுக் கரையில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில், பத்து நாள் சங்கீத முகாம் நடந்தது. கரையோரப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். ஸ்கந்தபுரத்துப் பிள்ளைகள் அரிசி மூட்டைகளோடு லொறியில் வந்து அங்கேயே தங்கினார்கள். படிப்பிக்க மூன்று பேர். சேவியர் மாஸ்ரர் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கிளாரினெட்டில் ஜாஸ் வாசிப்பவர்; லீவில் ஊருக்கு வந்திருந்தார். மிருதங்கத்துக்குக் கனகராயன்குளத்துச் சிவஞானம் மாஸ்ரர். வயலினுக்கு நான்.

முகாமை ஒழுங்கு செய்தவர் மாதா கோயில் குருவானவர்; எங்களுக்கு அவர் சுவாமி. முதல் நாளே ஒரு விதி போட்டார். கடைசி ஞாயிறு மாலை, ஊர்ச் சனத்தின் முன்னால், ஒவ்வொரு ஆசிரியரும் தன் மாணவர் ஒருவரோடு மேடையேற வேண்டும், கொப்பி பார்க்கக்கூடாது. என் காதைப் பற்றி எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. மேடை என்றால்தான் பயம். அத்தோடு ஒரு இரகசியமும் இருந்தது. பாட்டின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் மனதில் தோன்றுவதை வாசித்து, மறுபடி அந்த வரியில் வந்து சேருவதைத்தான் கற்பனை ஸ்வரம் என்கிறோம். கல்லூரியில் நான் அதை முன்கூட்டியே கொப்பியில் எழுதிப் பாடமாக்கித்தான் முதற்பிரிவில் சித்தியடைந்தேன். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இதை வாசிக்கிற சிலர் இப்போது தலையைக் குனிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ரவை

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் நாதம் வரும். முதல் நாள் காலை சிவஞானம் மாஸ்ரர் ரவை அப்பித் தட்டிப் பார்த்தார். சத்தம் தொய்ந்து கிடந்தது. கடலில்லாத ஊர்க்காரரான அவருக்குக் கடற்காற்றின் ஈரம் புதிது. கிளாரினெட்டின் சுருதி சரியில்லை என்று சேவியர் மாஸ்ரரோடு வாக்குவாதப்பட்டார். அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் பிழை தோலில் என்று ஒத்துக்கொண்டு, மிருதங்கத்தைக் குசினிக்குப் பின்னால் வெயிலில் வைத்துவிட்டு வந்தார்.

நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது ஒரு நாய் ரவை முழுவதையும் நக்கித் துடைத்துவிட்டு, தோலை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாஸ்ரர் கத்திய கத்தலில் சமையல்கார மரியம்மாக்கா அகப்பையோடு ஓடி வந்தா. நாயைத் துரத்தவில்லை. மாஸ்ரரைத்தான் ஏறிட்டுப் பார்த்தா.

"கருவாடு காயிற இடத்தில ரவையும் தடவித் தோலையும் வைச்சால், அது சங்கீதம் எண்டு நாய்க்கு ஆர் சொல்லுறது, மாஸ்ரர்?"

பிழையை என்ன செய்வது

சேவியர் மாஸ்ரர் தன் வகுப்பில் முதல் வேலையாக எல்லாருடைய கொப்பிகளையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைகளை வட்டமாக இருத்தினார். எல்லாரும் கைதட்டித் தாளம் போட, ஒவ்வொருவராக எழுந்து நாலு சுற்று தன் பாட்டுக்கு எதையாவது வாசிக்க வேண்டும். ஜாஸில் அப்படித்தானாம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஏற்றுப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த கரையோரப் பிள்ளைகளுக்கு இது வெகு சுலபமாக வந்தது.

நான் வகுப்பின் கடைசி வாங்கிலில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்கந்தபுரத்து இராசமலர் என்ற பிள்ளை எழும்பமாட்டேன் என்று அழுங்குப்பிடியாக இருந்தாள். "பிழை விட்டால் என்ன செய்யிறது, மாஸ்ரர்?" என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பட்டம் இருக்கிறதே, எப்படிக் கேட்பது?

"பிழையைத் திரும்பவும் வாசி, பிள்ளை. ஒருக்கா வாசிச்சால்தான் பிழை. ரெண்டு மூண்டுதரம் வாசிச்சால், வேணுமெண்டுதான் வாசிக்கிறாள் எண்டு சனம் நினைக்கும்."

விடியற்காலைப் பழக்கம்

நான் நம்பியது கொப்பியைத்தான். ஞாயிறு மேடைக்காக மோகன ராகத்தில் நாலு கற்பனை ஸ்வரங்கள் எழுதினேன். மூன்று சிறியவை, கடைசி ஒன்று நீளமானது. தினமும் விடிய, பிள்ளைகள் எழும்ப முன்னம், வகுப்பறையில் தனியே இருந்து பழகினேன். நல்ல ஸ்வரங்கள்தான், அதில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

வியாழக்கிழமை சிவஞானம் மாஸ்ரர் வேப்பங்குச்சியால் பல்லைத் தேய்த்தபடி வாசலில் வந்து நின்றார். நான் வாசித்து முடிக்குமட்டும் பொறுமையாகக் கேட்டார். வெளியே துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"கற்பனை எண்டுறியள், பிள்ளை. ஆனால் மூண்டு நாளா, அது எங்க போய் முடியும் எண்டு எனக்கு முதலே தெரியுது."

ஞாயிறு மாலை

என்னோடு மேடையேறியவள் பிலோமினா. பதின்மூன்று வயது, வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டியார் ஒருவரின் மகள். பாட்டை இருவரும் சேர்ந்து வாசிப்பது, பிறகு அவள் தனக்குத் தெரிந்ததை நாலு சுற்று வாசிப்பது, அதன்பின் நான். இதுதான் ஒழுங்கு. முன்வரிசையில் சுவாமி. பின்னால் கடற்கரைச் சனம் முழுவதும், லொறியில் வந்த ஸ்கந்தபுரத்துத் தாய் தகப்பன்மாரும். பாட்டு நன்றாகவே போனது.

பிலோமினா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். முதற்பிடியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என்னுடைய முதல் ஸ்வரம்! அடுத்து இரண்டாவது, மூன்றாவது. நாலு சுற்றோடு நிற்கவில்லை. நீளமான நாலாவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்து முடித்தாள். சனம் கைதட்டியது. விடியற்காலையில் நான் தனியே இருந்ததாக நினைத்த அந்த வகுப்பறையின் யன்னலுக்கு வெளியே அவள் ஒவ்வொரு நாளும் நின்றிருக்கிறாள்.

இப்போது என் முறை. கையில் ஒன்றுமில்லை. சிவஞானம் மாஸ்ரர் எனக்காகத் தாளத்தை உருட்டிக்கொண்டிருந்தார். சபையைப் பார்க்கப் பயந்து அவருடைய விரல்களைப் பார்த்தேன், வில்லைப் போட்டேன். இரண்டு சுற்று எப்படியோ போனது. மூன்றாவதில் ஒரு பிடி, சேரவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே முடிந்து அந்தரத்தில் நின்றது. பச்சைப் பிழை. வேறு வழி தெரியாமல் அதையே திரும்ப வாசித்தேன். மாஸ்ரரின் புருவம் உயர்ந்தது. மூன்றாந்தரமும் வாசித்தேன். எங்கள் சங்கீதத்தில் ஒரு பிடி மூன்றுதரம் வந்தால் அது தீர்மானம், வாசிப்பை முடிக்கும் அடையாளம்; மாஸ்ரர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். இருவரும் பாட்டின் வரியில் ஒன்றாக வந்து விழுந்தோம். ஓரத்தில் நின்ற சேவியர் மாஸ்ரர் விசிலடித்தே விட்டார். சுவாமி திரும்பிப் பார்த்ததும், விசிலடித்தது வேறு யாரோ என்பதுபோல அவரும் திரும்பிப் பார்த்தார்.

மேடையை விட்டு இறங்கும்போது, "இண்டைக்கு எங்க முடியும் எண்டு எனக்கும் தெரியேல்லை, பிள்ளை" என்றார் சிவஞானம் மாஸ்ரர். பெட்டியில் வயலினை வைத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா முகம் வாடி வந்து நின்றாள்.

"ரீச்சர், நீங்கள் கடைசியா வாசிச்சது எந்தக் கொப்பியில இருக்கு? அதை ஏன் எனக்குக் கேட்கிறமாதிரி ஒரு நாளும் பழகேல்லை?"

இந்த ஓகஸ்ட் முகாமுக்கும் போகிறேன். கற்பனை ஸ்வரங்களை இம்முறையும் கொப்பியில் எழுதித்தான் வைத்திருக்கிறேன், யன்னலைத் திறந்து வைத்துப் பழகி எல்லாவற்றையும் பிலோமினாவிடம் பறிகொடுத்துவிட்டு மேடையேறுவதாக உத்தேசம்.