தேதிக்கு விட்ட இடம்

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் என் மாப்பிள்ளை பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், பகல் முழுக்க அங்கேதான் இருப்பேன். தமிழில் எம்.ஏ. படித்தவன் என்பதால் பேனரில் வரும் வாசகங்களை எழுதுவது என் பொறுப்பு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் எழுதுவேன். ஆனால் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது கண்ணீர் அஞ்சலிதான். நான் எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதவர்கள் உண்டு. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

அப்போது ஒரு நகைச்சுவை நடிகர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயர் வேண்டாம். யாருக்கும் தெரியாதவராக இருந்த காலத்தில் அவர் எங்கள் பகுதியில்தான் ஒற்றை அறையில் குடியிருந்தார். அதனால் ஆவடி, பட்டாபிராம் வரைக்கும் தெருவுக்குத் தெரு அவருக்கு ரசிகர்கள். கவலைக்கிடம் என்று டிவியில் சொன்ன அன்றே மாப்பிள்ளை என்னிடம் வந்தார்.

“மாமா, சேதி வந்த ஒரு மணி நேரத்துல அத்தினி பேரும் பேனர் கேட்டு வந்து நிப்பாங்க. நம்மகிட்ட கீறது ஒரே மெஷினு. இப்பவே அடிச்சி வெச்சிக்கினாதான் உண்டு.”

வயதில் பெரியவன், படித்தவன், நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். “என்ன சைஸ்?” என்று மட்டும் கேட்டேன்.

ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். ‘சிரிக்கச் சொல்லித் தந்தாய், உன்னைப் பிரிந்திருக்க ஏன் சொல்லித் தராமல் போனாய்’ என்று தொடங்கும். அந்த மனிதர் அப்போது மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் படத்துக்கு மாலை போட்டோம், இரு பக்கமும் விளக்கு வைத்தோம். கீழே ‘தோற்றம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பிறந்த தேதி இருந்தது. ‘மறைவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தோம். செய்தி வந்ததும் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அச்சடித்த பேனர்களைக் கடைக்குள் கயிறு கட்டி, முகம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி தொங்கவிட்டோம். முகத்தை ஏன் திருப்பி வைத்தோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், உடல்நிலை தேறி வருகிறது என்று செய்தி வந்தது. அப்போது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி அல்ல. அடடா, இத்தனையும் வீணாகிவிட்டதே என்றுதான் தோன்றியது. “நம்ம நேரம், மாமா” என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே ஓர் ஆட்டோக்காரர் வந்தார். எங்கள் பகுதியில் அந்த நடிகரின் நற்பணி மன்றச் செயலாளர் அவர். கையில் லட்டு டப்பா.

“மொத ஸ்வீட்டு உங்களுக்குத்தான் சார். கண்ண தொறந்து பேசிட்டாராம். அந்தக் காலத்துல எங்கம்மா கையால இட்லி துன்ன மன்சன் சார் அவரு. எங்கம்மா மூணு நாளா கோயிலே கதின்னு கீது. நல்லா நாலு வரி எழுதிக் குடுங்க, ‘மீண்டு வந்த தலைவா’ன்னு பெரிசா ஒண்ணு வெக்கணும்.”

நான் லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் ஒரு பேனர் திரும்பியது. ஆட்டோக்காரர் அருகே போய்ப் பார்த்தார். மாலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு அந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்தார்.

“இன்னா சார் இது?”

வாயில் லட்டு இருந்தது. மாப்பிள்ளைதான் பதில் சொன்னார்: “தொழில் அண்ணாத்தே. எல்லாக் கடையிலயும் இப்டித்தான்.”

அவர் மாப்பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தேதி ஒண்ணுதான் பாக்கி, இல்ல சார்?” என்று என்னிடம் கேட்டார். டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் நடிகர் இறந்துபோனார். மாப்பிள்ளை சொன்னதுபோலவே கடை வாசலில் கூட்டம் நின்றது. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேனரிலும் அழகான கையெழுத்தில் தேதியை எழுதிக் கொடுத்தேன். மதியத்துக்குள் கயிறு ஏறக்குறையக் காலியாகிவிட்டது. கடைசியில் அந்த ஆட்டோக்காரர் வந்தார். வேறு எங்கேயும் உடனே கிடைக்காது என்பதால் வந்திருக்கிறார். முகம் வீங்கியிருந்தது.

“ரெடியா கீதே, அதுல ஒண்ணு குடு.”

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“நீ எழுதாத சார். இத்தினி நாளா இந்த எடத்தையே பாத்துகினு இருந்தே இல்ல. நான் எழுதிக்கிறேன்.”

என்னை அதுவரை ‘நீங்கள்’ என்று மட்டுமே அழைத்தவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோணல்மாணலாக எழுதி முடித்தார். மாப்பிள்ளை கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பணம் வாங்கியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, அவருடைய ஆட்டோ தெருமுனையைத் தாண்டிய பிறகு.

அதன் பின் நான் கடைக்குப் போகவில்லை. அதனால் திருந்திவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சென்ற ஆண்டு என் மனைவி பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் இருந்தாள். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் என் மனதில் ஒரு வரி தானாகவே வந்து நின்றது. எதுகை மோனையோடு, நல்ல வரி.

அவள் பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும்போது அடுத்த அறையில் அந்த நடிகரின் பழைய நகைச்சுவைக் காட்சியை டிவியில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக எனக்குள் வந்த அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவள் இப்படிச் சிரிக்கும்போதெல்லாம் அது ஒரு எழுத்து பிசகாமல் எனக்கு நினைவுக்கு வருகிறது.