பன்னிரண்டு மணிப் பேருந்தில் வந்த பால்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு 'நல்லபடியாக' நாலு பக்கம் எழுதித் தரும்படி மச்சான் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. மச்சான் அக்காவின் கணவர். லாரி ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். "கோவத்துல எதையும் எழுதிப் போடாத கண்ணு, சொந்தக்காரங்க எல்லாரும் படிப்பாங்க" என்றும் சொன்னார். சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்பதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நல்லபடியாகத்தான் தொடங்குகிறேன். முடியும்வரை அப்படியே போகுமா என்று எனக்கே தெரியவில்லை.

சென்ற ஆண்டு அக்காவை வீட்டில் கிடத்தியிருந்தபோது, மலையிலிருந்து ஒரு பெண் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அரியூர் நாட்டுக்காரர். அக்காவின் காலடியில் பையனை விழுந்து கும்பிட வைத்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப இவன் டீச்சரம்மா பால்லதாங்க பொழைச்சான்" என்று அழுதார். சுற்றி உட்கார்ந்திருந்த நம் வீட்டுப் பெண்களில் ஒருவர், யார் என்று அவருக்கே தெரியும், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "பாரு, ஊரான் புள்ளைக்கு இருந்த பாலு பெத்த புள்ளைக்கு இல்லாமப் போச்சு. வேலைதான் பெருசுன்னு போனா அப்படித்தான்." அக்காவின் மகள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்குக் காது கேட்காதா?

அன்று மாலை அவள் என்னிடம் கேட்டாள்: "சின்னம்மா, அந்தப் பையனுக்குக் குடுத்தாங்களாமே, எனக்கு மட்டும் ஏன் அம்மா பால் குடுக்கல?"

எழுந்து போய்விட்டேன். ஒரு வருடமாகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

அக்கா காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தோட்டத்து வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது எங்கள் அம்மா காலமானார். எனக்கு எட்டு வயது. அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டது, சோறு கட்டிக் கொடுத்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் அக்காதான். விடியும் முன் எருமைகளைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, கையில் பால் வாடை போகாமலே பள்ளிக்கூடம் போவார். ஆசிரியர் பயிற்சி முடித்தார். வேலை கிடைத்தது மலைமேல் அரியூர் நாட்டில், ஓராசிரியர் பள்ளியில்.

மலைக்கு மாறுதல் என்றாலே மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுக்கிற வாத்தியார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அக்கா அப்படிச் செய்யவில்லை. திங்கட்கிழமை காலையில் ஏறினால் வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் இறங்குவார். அங்கே சுகாதார நிலையத்து நர்சம்மாவோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். நர்சம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அக்காவுக்கு மலையில் கிடைத்த உடன்பிறப்பு என்றே அவரைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்த நான் என்ன செய்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் மகள் பிறந்தாள். விடுப்பு மூன்றே மாதம். அக்கா போகாவிட்டால் பள்ளியைப் பூட்ட வேண்டும். மாறுதல் கேட்டு மனுவோடு அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் மனுவைப் படிக்கக்கூட இல்லை. "உங்களுக்குப் பதிலா மலைக்கு யாரும்மா போவா? நாலு பேரக் காட்டுங்க, போட்டர்றேன்" என்று சிரித்தார். குழந்தையை மேலே கொண்டு போகலாம் என்றால், பக்கத்திலேயே குடியிருந்த பெரியம்மா விடவில்லை. சளி பிடிக்கும், ஊசி போடக் கீழேதானே வர வேண்டும், வகுப்பில் நிற்கிறவள் தொட்டிலை ஆட்டுவாளா என்று கேட்டார். மச்சான் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். கடைசியில் குழந்தை என் பொறுப்பு ஆயிற்று. எனக்கு வயது இருபது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

பால் கொடுத்து அனுப்ப வழி சொன்னவர் நர்சம்மா. கையைச் சுத்தமாகக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த சின்ன மூடிச் சம்படத்தில் பீய்ச்சி, இறுக மூடி, ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய தூக்குப்போசிக்குள் வைத்து, மேலே ஈரத்துணி சுற்றி அனுப்ப வேண்டும். அக்கா முற்பகல் இடைவேளையில் வகுப்பின் கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்வார். பன்னிரண்டு மணிப் பேருந்தில் அது இறங்கும். காரவள்ளி தாண்டி எங்கள் ஊருக்கு வரும்போது இரண்டரை ஆகிவிடும். நான் நிறுத்தத்தில் நிற்பேன். ஆடிக்காற்றில் கண்ணைத் திறக்க முடியாது.

முதல் நாள் நடத்துநர் போசியை இறக்கிக் கொடுக்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டீச்சரம்மா குடுத்துவுட்டாங்க. எழுவது வளைவுலயும் மடியிலயே வெச்சுட்டு வந்தனுங்க. ஒரு சொட்டு சிந்தலீங்க."

வீட்டுக்கு வந்து திறந்தேன். மேலே மஞ்சளாக ஏடு. கீழே நீலம் பாய்ந்தாற்போல் தண்ணீர். முகர்ந்தால் சோப்பு மாதிரி ஒரு வாடை. பிறந்ததிலிருந்து பாலோடு பழகிய குடும்பம்; மூக்கை வைத்தே பாலைச் சொல்லிவிடுவோம் என்ற திமிர் எங்களுக்கு. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"திரிஞ்சு போச்சு பாரு. இத்தன வருசமா எருமை கறக்கிற ஊட்டுல திரிஞ்ச பால் தெரியாதா? இதப் போயி பச்சக் குழந்தைக்குக் குடுப்பியா?"

"சுடுதண்ணிக்குள்ள வெச்சு லேசா ஆட்டிட்டுக் குடுக்கச் சொன்னாங்க பெரியம்மா."

"மாருபாலைச் சூடு காட்டுனா சுரக்கிற மாரு காஞ்சு போயிரும். எறும்பு மொய்ச்சாலும் ஆகாது. கால் படாத எடமாப் பாத்து மரத்து வேர்ல ஊத்து."

கிணற்றடியில் அப்பா புதிதாக வைத்திருந்த தென்னங்கன்றின் வேரில் ஊற்றினேன். குழந்தைக்கு எருமைப்பாலில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து புட்டியில் கொடுத்தேன்.

தாய்ப்பால் நேரம் ஆனால் அப்படிப் பிரிந்துதான் நிற்கும். அது கெட்டுப் போனது இல்லை. எருமைப்பாலுக்கு இருக்கிற கணக்கு இதற்குக் கிடையாது. 'பிரிஞ்சு நிக்கும், பயப்படாத கண்ணு' என்று அக்கா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நான்தான் அக்கா சொன்னதை விட்டுவிட்டு என் மூக்கை நம்பினேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என்பார்களே, அதைவிடக் கேவலம் இது. நான் வெண்ணெயை மண்ணில் கொட்டிவிட்டு அலைந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா பேருந்திலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "பால் குடிச்சாளா?"

"குடிச்சுட்டாளுங்க்கா."

எழுபது வளைவு இறங்கி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதைப் பார்த்து 'ஊற்றிவிட்டேன்' என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒருநாள் சொன்ன பொய்யை அடுத்த வாரமும் சொல்ல வேண்டி வந்தது. இப்படியே ஆறு வாரம். நாள் தவறாமல் போசி வந்தது, நாள் தவறாமல் தென்னைக்குப் போயிற்று. சனி, ஞாயிறுகளில் அக்கா மடியில் போட்டால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். புட்டி பழகிப் போயிருந்தது. "பரவால்ல, என் பாலுதான, எதுல குடிச்சா என்ன" என்று அக்கா தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் கண் குழிந்துவிட்டது. அக்கா மரவள்ளி லோடு லாரியில் ஏறி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"என் பால்தானுங்க. தினமும் பஸ்ல குடுத்துவுடறனுங்க."

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உண்மையச் சொல்லுங்க, வேற என்ன குடுத்தீங்க?" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். "எருமைப்பாலுங்க. அக்கா பாலு திரிஞ்சிருந்துச்சு, ஊத்திட்டனுங்க" என்றேன். "எத்தன நாளா?" என்று அக்கா கேட்டார். "மொத நாள்ல இருந்துங்க்கா."

அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ரவிக்கை நனைந்து ஈரம் சேலைவரை வந்திருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் குழந்தை தேறியதும் என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். "இத யார்கிட்டயும் சொல்லாத. புதன்கிழம உன்னப் பொண்ணு பாக்க வாராங்க. புள்ளையப் பாத்துக்கத் தெரியாதவன்னு ஒரு பேரு வந்துட்டா அப்புறம் போகாது. எனக்குப் பால் வத்திப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிற்று. எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்குப் பெயர் கிடைத்தது: வேலைக்காகப் பிள்ளையைப் பட்டினி போட்டவள். பந்தியில், சீரில், காதுகுத்தில், எங்கே நாலு பேர் கூடினாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. அக்கா சிரித்துக்கொண்டே பரிமாறுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார்மேல் எரிச்சல் என்றே தெரியாது. பேசியவர்கள்மேலா, கேட்டுக்கொண்டு நின்ற என்மேலா, வாயைத் திறக்காத அக்காமேலா. என் முதல் பிரசவத்தின்போது, "எல்லார்கிட்டயும் சொல்லிப்போடறேன்" என்றேன். "இப்ப என்னத்துக்கு சாமி? நல்ல எடத்துல வாழ்ந்துட்டு இருக்கற" என்றார். அக்கா தடுத்தது எனக்கும் வசதியாகப் போயிற்று. அதுதான் உண்மை.

அந்த ஆவணியில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா குழந்தையை நேராக மலைக்குக் கொண்டு போய்விட்டார். அந்தச் சமயத்தில்தான் நான் முதலில் சொன்ன அந்த மலைப்பெண் காய்ச்சலில் கிடந்தார். அவருடைய கைக்குழந்தைக்கும் நர்சம்மா சொல்லி அக்கா பால் கொடுத்தார். தேறியதும் அந்தப் பெண்ணே பள்ளிக்கூட வாசலில் இரண்டு குழந்தைகளையும் வைத்துப் பார்த்துக்கொண்டார். நம் பிள்ளை மார்பில் வாய் வைக்கவே இல்லை. அக்கா பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றினார். நர்சம்மா மடியில் போட்டுப் புகட்டினார். தைப் பொங்கல் வரை அந்தப் பால் இருந்தது. கீழே யாருக்கும் தெரியாது; எனக்கே நர்சம்மா பின்னால் சொல்லித்தான் தெரியும். பால் வற்றியவள் பிள்ளையைக் குளிரில் வைத்து வாட்டுகிறாள் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

அக்கா மலையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டது. கடைசி நாள்களில் எங்கள் தோட்டத்து வீட்டில்தான் இருந்தார்; பார்த்துக்கொள்ள நானும் வந்திருந்தேன். கிணற்றடித் தென்னை இப்போது காய்க்கிறது. அப்பா அதிலிருந்து இளநீர் வெட்டி வந்தார். டாக்டர் கூடாதென்று சொல்லியிருந்ததால் நான் தடுத்தேன். "ஒரு வாய் குடு, எம்பட மரந்தான" என்றார் அக்கா. கிணற்றடியில் ஊற்றியதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வாய் கொடுத்தேன்.

இதை எழுதி முடித்ததும் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் காலத்துல எங்களுக்கு என்ன தெரியும்" என்றார். அந்தக் காலமாம்! பத்து வருடம்தான் ஆகிறது. ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் ஊற்றச் சொன்னார். ஊற்றியதும் பொய் சொன்னதும் நான்.

அக்காவின் நோயில் கூட நின்ற அனைவருக்கும் குடும்பத்தார் சார்பில் வணக்கம். ஆறு வாரம் போசியை மடியில் வைத்துக் கொண்டுவந்த நடத்துநர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். நர்சம்மாவுக்கும், பள்ளி வாசலில் எங்கள் பிள்ளையைக் காத்த அந்தத் தாய்க்கும் எந்தச் சொல்லாலும் ஈடு செய்ய முடியாது. மச்சான், நீங்கள் கேட்டபடி நல்லபடியாக எழுத முடியவில்லை.

கடைசியாக உனக்கு, கண்ணு. அம்மா உனக்குப் பால் கொடுத்தார். நாள் தவறாமல் கொடுத்தார். அது எழுபது வளைவு இறங்கி நம் வாசல்வரை வந்தது. நிறுத்தத்தில் நின்று வாங்கி ஊற்றியவள் நான். இனி எந்த விசேஷத்திலாவது யாராவது உன் அம்மாவைப் பற்றி அந்தப் பேச்சை எடுத்தால், நீ தலையைக் குனியாதே. என்னைக் கைகாட்டு.