லேட்டா வந்தா வெளியே

மணிமொழி டீச்சருக்குத் தொண்டை முருகன் கொடுத்த வரம். மந்தைவெளிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அவர் ‘சமத்துவம்’ என்று ஆரம்பித்தால், தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கும் பாடம் நடந்துவிடும். பல வருடமாகச் சமூக அறிவியல்தான். பிள்ளைகள்மேல் கொள்ளைப் பிரியம். லேட்டாக வருகிறவர்களைக் கண்டால் மட்டும் ஆகாது.

இந்த வருடம் சமூக நீதியைச் சும்மா வாசித்துத் தள்ளாமல், பிள்ளைகளையே வகுப்புக்குச் சட்டம் போட வைத்தார். ஓட்டெடுத்து, சார்ட்டில் எழுதி, கதவில் ஒட்டியாயிற்று. முதல் சட்டம் டீச்சர் சொன்னது: ‘மணி அடித்த பிறகு வந்தால் முதல் பீரியடு முழுக்க வெளியே. யாராக இருந்தாலும்.’ அந்தக் கடைசி இரண்டு சொல்லைச் சிவப்பில் எழுதச் சொன்னதும் அவரேதான். வாய் சும்மா இருந்தால்தானே!

அதில் தினமும் மாட்டியது ஷீலா ஒருத்திதான். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் விடமாட்டேன் என்று அவள் பஸ் மாறி பஸ் ஏறி வருகிறாள். வந்து, வராந்தாவில் நின்று, ஜன்னல் வழியாகச் சமத்துவம் படிக்கிறாள். டீச்சருக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே!

இந்த நிலையில் அவர் வகுப்பைப் பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியை ஓய்வு பெறப்போகிறார். வகுப்பு நன்றாக நடந்தால் அந்த நாற்காலி மணிமொழி டீச்சருக்குத்தான் என்று பேச்சு. வடபழனி முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்யாமல் இருப்பாரா? அதிகாரி வரும் நாள் கிருத்திகையாகவே அமைந்ததில் டீச்சருக்கு ஏக சந்தோஷம். கிருத்திகைக் கூட்டம் என்று ஒன்று உண்டே, அதை யோசித்தாரா? இல்லை.

நெற்றி நிறைய விபூதியும் பையில் தேங்காய் மூடியுமாக அவர் மூச்சிரைக்க ஓடிவந்தபோது, வகுப்புத் தலைவி சிம்ரா வாசலை மறித்து நின்றாள்.

“டீச்சர், வெளிய நில்லுங்க.”

“அடியே, இன்ஸ்பெக்‌ஷன்டீ!”

சிம்ரா கதவிலிருந்த சிவப்பு எழுத்தை விரலால் தட்டிக் காட்டினாள். ராயப்பேட்டைப் பெண், லேசில் மசிய மாட்டாள். டீச்சர் போய் ஷீலா பக்கத்தில் நின்றார்.

அதற்குள் அதிகாரி அய்யாதுரை வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். “சிக்னல்ல மாட்டிக்கிட்டேம்மா...”

“சார், நீங்களும் லேட்டு.”

போச்சு, நாற்காலி போயே போச்சு என்று நினைத்தார் டீச்சர். அதிகாரி சார்ட்டைப் படித்தார், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அவரும் வரிசையில் நின்றார்.

ஏதாவது பேசியாக வேண்டுமே! “பாத்தியா ஷீலா, இன்னிக்கு நானும் சாரும் உன்ன மாதிரிதான்” என்றார் டீச்சர், அதிகாரி காதிலும் விழும்படி.

ஷீலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அது எப்டி டீச்சர்? நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வந்து லேட்டு. நான் வூட்லேர்ந்து நேரா வந்தே லேட்டு.”

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை நாள் இந்தப் பிள்ளையை இங்கே நிற்க வைத்துவிட்டு உள்ளே என்ன கத்து கத்தினோம் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்காலியாவது மண்ணாவது!

“சிம்ரா! சட்டத்த மாத்தணும். தூரத்துலேர்ந்து வர்றவங்க எப்ப வந்தாலும் உள்ள வரலாம். ஓட்டெடு!” இஸ்திரி வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே கைகள் உயர்ந்தன. வராந்தாவிலும் மூன்று கைகள் உயர்ந்தன.

“வெளிய நிக்கிறவங்களுக்கு ஓட்டு கெடையாது” என்றாள் சிம்ரா.

“அவளுக்கான சட்டம்டீ! அவளுக்கே ஓட்டு இல்லேன்னா எப்படி?”

சிம்ரா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள்.

“ஷீலா, நீ உள்ள வா. நீங்க ரெண்டு பேரும் மணி அடிக்கிற வரைக்கும் அங்கயே நில்லுங்க.”